ஸ்பானிய சப்ஜங்டிவ்: தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது

ஒன்றைச் செய்தியாக அறிவிக்காமல் விருப்பம், கட்டளை, உணர்வு என்று சொல்லும்போது ஸ்பானிய வினை எடுக்கும் தனி வடிவம்தான் சப்ஜங்டிவ். நிகழ்கால சப்ஜங்டிவில் ஒரு வாக்கியம் தப்பிப் போனால் கோளாறு இரண்டில் ஒன்றுதான். வினையைத் திரித்த விதம் தவறாக இருக்கும். இல்லாவிட்டால் வினை ஒழுங்காகத் திரிந்திருந்தும் அந்த இடத்தில் வேண்டியது அதுவாக இருக்காது. முதலாவது விதிக்கு அடங்கும். இரண்டாவதைத் திருத்த, பேசுபவர் அந்த வாக்கியத்தால் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்வதால்தான் பலர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஆகவே வடிவக் கோளாறுகள் முதலில், பயன்பாட்டுக் கோளாறுகள் பின்னால். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிய மொழியில் பி, வி இரண்டு எழுத்துக்கும் ஒரே ஓசைதான். 'அம்பு' என்னும்போது வருகிற ப. ஆனாலும் மூல எழுத்து அடையாளம் தெரியட்டும் என்று வி வரும் இடத்தில் 'வ' போட்டிருக்கிறோம். எச் ஒலிக்காது, அதனால் அதை எழுதவில்லை.

குறி: வினையின் கடைசி உயிர் மாறவே இல்லை

'நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதற்கு 'கியேரோ கே ஆப்லாஸ்' என்று வருகிறது. வர வேண்டியது 'கியேரோ கே ஆப்லேஸ்'.

ஆர் என்று முடியும் வினைகளில் சாதாரணமாக 'ஆ' இருக்கும் இடத்தில் 'ஏ' வரும். ஏர், ஈர் என்று முடியும் வினைகளில் 'ஏ' இருந்த இடத்தில் 'ஆ' வரும். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் காதில் விழுவது அந்த ஒரு உயிர் மட்டுமே என்பதால் அதை விழுங்கிவிடக் கூடாது. ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

'மி மத்ரே தீசே கே கோமேஸ் போகோ': நீ கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறாய் என்று அம்மா சொல்கிறார்.
'மி மத்ரே தீசே கே கோமாஸ் போகோ': உன்னைக் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்கிறார் அம்மா.

முதலாவது குறை, இரண்டாவது கட்டளை. தமிழில் 'சாப்பிடுகிறாய் என்று', 'சாப்பிடச் சொல்கிறார்' என்று வாக்கிய அமைப்பே மாறிவிடுகிறது. ஸ்பானியத்தில் எல்லாச் சொல்லும் அப்படியே இருக்க, ஒரு உயிர் மட்டும் அந்த வேலை முழுவதையும் செய்கிறது. 'சொல்' என்று பொருள்படும் 'தெசீர்' என்ற வினையை இப்படி இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நூறு அட்டவணைக்குச் சமம்.

குறி: 'தெனா', 'சலா', 'ஆசா' என்று இல்லாத வடிவங்கள் வருகின்றன

தெனேர், சலீர், ஆசேர் என்ற அகராதி வடிவத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அங்கிருந்து தொடங்கக் கூடாது. 'யோ'வுக்கு, அதாவது 'நான்' என்பதற்கு, வரும் நிகழ்கால வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தெனேர் என்ற வினையை எடுத்துக்கொள்வோம். 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு 'தெங்கோ'. கடைசி ஓவைக் கழற்றுங்கள். இது ஏர் வினை, ஆகவே எதிர் உயிரான ஆவைச் சேருங்கள். தெங்கா, தெங்காஸ், தெங்கா, தெங்காமோஸ், தெங்காய்ஸ், தெங்கான். ஆறும் வந்துவிட்டன. இதே வழியில் சால்கோ 'சால்கா' ஆகும், ஆகோ 'ஆகா' ஆகும், பொங்கோ 'பொங்கா' ஆகும், தீகோ 'தீகா' ஆகும், கொனோஸ்கோ 'கொனோஸ்கா' ஆகும்.

இதில் ஐந்தாவது வடிவமான 'தெங்காய்ஸ்' ஸ்பெயினில் பலரை 'வொசோத்ரோஸ்' (நீங்கள்) என்று அழைத்துப் பேசுபவர்களுக்குத்தான். லத்தீன் அமெரிக்கா முழுவதும் 'உஸ்தேதெஸ்', அதற்கு 'தெங்கான்'. எந்த நாட்டாரோடு பேசப்போகிறீர்கள் என்று தெரிந்தால் அந்த வடிவத்தை முதலில் பழகலாமா, தள்ளிவைக்கலாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலாவதும் மூன்றாவதும் ஒரே வடிவம் என்பதைக் கவனியுங்கள். சாதாரண நிகழ்காலத்தில் வினையே ஆளைக் காட்டிவிடும், 'யோ' தேவைப்படாது. சப்ஜங்டிவில் 'கியேரே கே தெங்கா' என்றால் யாரிடம் இருக்க வேண்டும் என்று புரியாமல் போகலாம். குழப்பம் வரும் இடத்தில் 'கே யோ தெங்கா' என்று ஆளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறி: சில வினைகளில் அந்த வழி ஓடவே மறுக்கிறது

அப்படி ஆறு வினைகள் உண்டு, ஆறே ஆறுதான். 'யோ' வடிவம் ஓவில் முடியாதவை: சோய், எஸ்தோய், தோய், வோய், சே, ஏ. கழற்ற ஓ இல்லாததால் இவற்றைத் தனியாகத்தான் கற்க வேண்டும். சேர் 'சேயா' ஆகும், எஸ்தார் 'எஸ்தே', தார் 'தே', ஈர் 'வாயா', சபேர் 'சேப்பா', அபேர் 'ஆயா'.

எழுதும்போது இரண்டு இடம் வழுக்கும். எஸ்தார் வினையில் நொசோத்ரோஸ் (நாம்) வடிவமான 'எஸ்தேமோஸ்' தவிர மற்ற ஐந்திலும் ஏயின் மேல் சாய்கோடு உண்டு. கோடு விட்டுப்போனால் 'எஸ்தே' என்பது 'இந்த' என்று பொருள்படும் வேறு சொல்லாகி, அழுத்தமும் முன்னால் போய்விடும். தார் வினையின் 'தே'க்கும் கோடு வேண்டும், இல்லையேல் அது 'உடைய' என்ற சிறு சொல். 'தேஸ்', 'தேமோஸ்', 'தென்' இவற்றுக்குக் கோடு கிடையாது.

அபேர் வினையில் இன்னொரு தவறு அடிக்கடி வருகிறது: 'காபி இருக்கும் என்று நம்புகிறேன்' என்பதற்கு 'எஸ்பேரோ கே ஆய் கஃபே'. 'ஆய்' என்பதும் அபேர் குடும்பம்தான், அதற்கும் சப்ஜங்டிவ் உண்டு: 'எஸ்பேரோ கே ஆயா கஃபே'. கிராமப்புறங்களில் 'ஐகா' என்ற வடிவமும் காதில் விழும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

குறி: சொல்லும்போது சரி, எழுதினால் சிவப்புக்கோடு

உயிர் மாறும்போது மெய்யின் ஓசை கெடக் கூடாது என்பதற்காக எழுத்து மாறும். ஓசையைப் பிடித்துக்கொண்டால் எழுத்து தானே வரும்.

புஸ்கார்: சி எழுத்துக்குப் பின் ஏ வந்தால் அது 'சே' என்றாகிவிடும். 'கே' ஓசை நிற்க வேண்டுமானால் சியை எடுத்துவிட்டுக் கியூ, யு போட வேண்டும். அப்போதுதான் 'புஸ்கே'.
யெகார்: ஜி எழுத்துக்குப் பின் நேராக ஏ வந்தால் 'ஹே' ஆகிவிடும். நடுவில் ஒரு யு சேர்த்தால் 'யேகே'.
எம்பெசார்: இஸட் எழுத்து ஏக்கு முன் சியாக மாறும், 'எம்பியேசே'. ஓசை மாறுவதில்லை, ஸ்பானிய எழுத்து மரபு ஏக்கு முன் இஸட்டை விரும்புவதில்லை.
ரெக்கொஹேர்: இங்கே திசை எதிர். ஆவுக்கு முன் ஜி வந்தால் 'க' ஆகிவிடும், ஆகவே ஜே போட்டு 'ரெக்கோஹா'. 'யோ' வடிவமான 'ரெக்கோஹோ'விலேயே ஜே இருப்பதால் முன்சொன்ன வழியில் போனவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

குறி: 'நாம்' வரும்போது மட்டும் தடுமாற்றம்

வேரில் உயிர் உடையும் வினைகளில் இது நடக்கும். பென்சார் 'பியென்சோ' ஆவது தெரியும். அதை வைத்து 'பியென்சேமோஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். சரியானது 'பென்சேமோஸ்'. அழுத்தம் வேரின் மேல் விழுந்தால்தான் அந்த உயிர் உடைகிறது. நொசோத்ரோஸ், வொசோத்ரோஸ் இரண்டிலும் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடுவதால் வேர் பழையபடி நிற்கிறது. ஆர், ஏர் வினைகளுக்கு இதுவே போதும்: 'வுவெல்வா', ஆனால் 'வொல்வாமோஸ்'.

ஈர் வினைகளில் ஒரு படி கூடுதல். வேர் உடையாத அந்த இரண்டு இடத்திலும் உயிர் சும்மா நிற்காது, ஒரு படி குறுகும். சென்தீர்: 'சியென்தா', ஆனால் 'சின்தாமோஸ்'. தொர்மீர்: 'துவெர்மா', ஆனால் 'துர்மாமோஸ்'. பெதீர் வினைக்கு ஆறு இடத்திலும் ஈதான்: 'பீதா', 'பிதாமோஸ்'. நினைவில் நிற்கவில்லை என்றால் 'தொர்மீர்' ஒன்றை மட்டும் ஆறு வடிவமும் தடங்காமல் வரும்வரை சொல்லுங்கள். மற்றவை அந்தத் தடத்திலேயே வரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சென்தீர் என்றால் உணர்தல், சென்தார் என்றால் உட்காரவைத்தல். இரண்டுக்கும் 'யோ' வடிவம் 'சியென்தோ'. சென்தீரின் சப்ஜங்டிவ் 'சியென்தா', சென்தாரின் சப்ஜங்டிவ் 'சியென்தே'; அதாவது ஒன்றின் சப்ஜங்டிவ் மற்றதன் சாதாரண நிகழ்காலம் போலவே இருக்கும். எந்த வினை என்று முடிவு செய்யாமல் வடிவத்தை மட்டும் பார்த்துத் திருத்தினால் சரியானதையே கெடுத்துவிடுவீர்கள்.

இனிப் பயன்பாடு

'சந்தேகம் வந்தால் சப்ஜங்டிவ்' என்ற சூத்திரத்தை விட்டுவிடச் சொல்லுவோம். பாதி இடத்தில்தான் அது வேலை செய்யும். நமக்குத் தமிழிலேயே நல்ல பிடிமானம் இருக்கிறது. 'அவன் வருகிறான்' என்றால் ஒரு செய்தியை அறிவிக்கிறோம். 'அவன் வரட்டும்' என்றால் எதையும் அறிவிக்கவில்லை. நம் இலக்கணத்தில் வியங்கோள் என்று படித்த 'வாழ்க', 'வருக', 'வெல்க' எல்லாமே அப்படித்தான். யாரும் 'வாழ்க' என்பதைக் கேட்டுவிட்டு 'அது உண்மையா' என்று கேட்பதில்லை. ஸ்பானியத்தில் 'வீவா!' என்று கூட்டம் முழங்குவது வாழ்தல் என்ற வினையின் சப்ஜங்டிவ், சொல்லுக்குச் சொல் 'வாழ்க'. 'கே வெங்கா' என்றால் 'வரட்டும்'. ஸ்பெயினில் சாப்பிட உட்கார்ந்தவரிடம் சொல்லும் 'கே அப்ரொவேச்சே'வும் இதே இனம்.

சோதனை இதுதான். நம் 'என்று' போல வரும் 'கே'க்குப் பின்னால் உள்ள துண்டை மட்டும் வெட்டியெடுங்கள். அந்தத் துண்டை இந்த இடத்தில் ஒரு செய்தியாக அறிவிக்கிறீர்களா? ஆம் என்றால் சாதாரண வடிவம், இல்லை என்றால் சப்ஜங்டிவ். கீழே வரும் ஒவ்வொரு குறிக்கும் இதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

குறி: 'கிரேயோ கே வெங்கா' என்று எழுதினால் அடித்துவிடுகிறார்கள்

'அவன் வருவான் என்று நினைக்கிறேன்' என்பதில் உறுதி குறைவுதான். ஆனாலும் 'வருவான்' என்பதை உங்கள் கருத்தாக முன்வைக்கிறீர்கள். ஆகவே 'கிரேயோ கே வியேனே'. 'வருவான் என்று நான் நினைக்கவில்லை' என்னும்போது 'வருவான்' என்பதை நீங்கள் முன்வைக்கவில்லை, ஆகவே 'நோ கிரேயோ கே வெங்கா'.

நுட்பம் இதற்கு அடுத்தது. தமிழில் 'வருவான் என்று நினைக்கவில்லை', 'வரமாட்டான் என்று நினைக்கிறேன்' இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்பானியத்தில் மறுப்பு எங்கே நிற்கிறது என்பது வினையையே மாற்றிவிடும்: 'கிரேயோ கே நோ வியேனே'. இங்கே 'வரமாட்டான்' என்பது உங்கள் அறிவிப்பு. 'நோ' எங்கே இருக்கிறது என்று முதலில் விரல் வைத்துப் பாருங்கள்.

குறி: உண்மையில் நடந்துகொண்டிருப்பதற்கும் சப்ஜங்டிவ் வருகிறதே

'மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ': நீ இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமே இதைச் சொல்கிறோம், சந்தேகத்துக்கு இடமே இல்லை. சந்தேகச் சூத்திரம் உடைவது இங்கேதான். ஆனால் நம் சோதனை உடையாது: 'நீ இங்கே இருக்கிறாய்' என்று அவருக்கே நாம் செய்தி சொல்லவில்லை. அது இருவருக்கும் தெரிந்தது. சொல்லவந்தது மகிழ்ச்சி. தமிழிலும் 'இருக்கிறாய் என்று' சொல்லாமல் 'இருப்பதில்' என்று பெயராக்கிவிடுகிறோம் அல்லவா, அதே உள்ளுணர்வு. வருத்தம், வியப்பு, அச்சம், பிடிக்கும், பிடிக்காது எல்லாவற்றுக்கும் இப்படியே.

குறி: 'கியேரோ கே யோ வாயா'

இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே என்றால் 'கே' வேண்டாம், சப்ஜங்டிவும் வேண்டாம். 'போக விரும்புகிறேன்' என்று தமிழில் சொல்வது போலவே 'கியேரோ ஈர்'. ஆள் மாறினால் மட்டும் 'கியேரோ கே வாயாஸ்'. 'பாரா'வுக்கும் இதே கணக்கு: 'நான் படிக்க வந்தேன்' என்றால் பாராவுக்குப் பின் வெறும் அகராதி வடிவம், 'நீ படிப்பதற்காக' என்றால் 'பாரா கே'யும் சப்ஜங்டிவும். 'பாரா கே' (அதற்காக), 'சின் கே' (இல்லாமல்), 'ஆன்தெஸ் தே கே' (அதற்கு முன்), 'ஆ மேனோஸ் கே' (இல்லாவிட்டால்) ஆகியவற்றுக்குப் பின் யோசிக்கவே வேண்டாம், எப்போதும் சப்ஜங்டிவ்.

குறி: 'குவான்தோ', 'சி' இரண்டும் தலைகீழாகப் போகின்றன

தமிழ் பேசுபவர்கள் அதிகம் இடறுவது இங்கே என்பதால் நிதானமாகப் பாருங்கள்.

'வந்ததும் கூப்பிடு' என்கிறோம். வருகை இன்னும் நடக்கவில்லை, ஆனால் தமிழ் 'வந்தது' என்று இறந்தகாலத்தைப் போட்டுவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் 'குவான்தோ யெகாஸ்தே' என்று வரும். 'இனிமேல்தானே' என்று திருத்திக்கொண்டால் எதிர்காலம் வரும். இரண்டும் தவறு. இனி நடக்கப்போவதற்கு 'குவான்தோ யேகேஸ், யாமாமே'. 'பெரியவளானதும்' என்பதற்கு 'குவான்தோ சேயா க்ரான்தே'. தினசரி வழக்கத்தைச் சொன்னால் சாதாரண வடிவம்: 'குவான்தோ யேகோ ஆ காசா, கோமோ', வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவேன். 'எப்போது' என்று கேட்கும் 'குவான்தோ', சாய்கோடு போட்டு எழுதுவது, வேறு சொல். 'நோ சே குவான்தோ யெகரா' என்று அங்கே எதிர்காலமே வரும்.

'சி'யில் நேர் எதிர்த் தவறு. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதில் நிச்சயம் இல்லை, ஆகவே 'சி தெங்கா' என்று எழுதத் தோன்றும். 'ஆல்' என்ற பொருளில் வரும் 'சி'க்குப் பின் நிகழ்கால சப்ஜங்டிவ் வரவே வராது. 'சி தெங்கோ தினேரோ, லோ கொம்ப்ரோ'. இந்த ஒரு விதிக்கு விலக்குத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குறி: 'தமிழ் பேசும் ஆள்' எப்போது 'ஆப்லா', எப்போது 'ஆப்லே'

'தமிழ் பேசும் ஆளைத் தேடுகிறேன்' என்ற வாக்கியம் தமிழில் இரண்டு பொருளுக்கும் இடம் தரும். தெரிந்த ஒருவரைத் தேடலாம். அப்படி யாராவது கிடைப்பார்களா என்றும் தேடலாம். பேச்சில் நாம் 'மாதிரி' போட்டுப் பிரிப்போம்: 'தமிழ் பேசுற மாதிரி ஒரு ஆள் வேணும்.' அந்த 'மாதிரி' வரும் இடமெல்லாம் ஸ்பானியத்தில் சப்ஜங்டிவ்.

'புஸ்கோ உனா பெர்சோனா கே ஆப்லே தமீல்': யாராவது அப்படி ஒருவர்.
'புஸ்கோ ஆ உனா பெர்சோனா கே ஆப்லா தமீல்': எனக்குத் தெரிந்த ஒருவர்.

இரண்டாவதில் நடுவே ஓர் 'ஆ' நுழைந்திருக்கிறது. மனிதரைச் செயப்படுபொருளாக வைக்கும்போது வரும் உருபு அது, நம் 'ஐ' மாதிரி. குறிப்பிட்ட ஆள் என்றால் வரும், யாரோ ஒருவர் என்றால் பொதுவாக வராது. நாமும் 'ஆள் தேடுகிறேன்', 'ஆளைத் தேடுகிறேன்' என்று பிரிக்கிறோமே. இல்லாததைச் சொல்லும் 'நோ ஆய் நாதியே கே...' என்ற தொடருக்குப் பின் எப்போதும் சப்ஜங்டிவ்.

'அவுன்கே'வும் இதே மாதிரி இரண்டு பக்கம் திரும்பும். 'அவுன்கே யுவேவே, சால்கோ' என்றால் மழை பெய்கிறது, ஆனாலும் போகிறேன் என்று மழையையும் சேர்த்து அறிவிக்கிறோம். 'அவுன்கே யுவேவா' என்றால் 'மழையே பெய்தாலும்'. 'ஒருவேளை' என்பதற்கு 'கிசாஸ்', 'தால் வேஸ்' இரண்டும் வினைக்கு முன்னால் நின்றால் எந்த வடிவத்தையும் ஏற்கும். 'ஆ லோ மெஹோர்' மட்டும் சாதாரண வடிவத்தையே ஏற்கும், சப்ஜங்டிவ் போட்டால் தவறு. 'ஓஹலா'வுக்குப் பின் எப்போதும் சப்ஜங்டிவ். 'அல்லாஹ் நாடினால்' என்று பொருள்படும் அரபுத் தொடர் ஸ்பானியத்தில் ஒரே சொல்லாக உறைந்துபோனது அது. நடுவில் 'கே' போட்டாலும் போடாவிட்டாலும் சரி.

குறி: 'செய்யாதே' என்பதற்குச் 'செய்'யின் முன் 'நோ' போட்டால் சிரிக்கிறார்கள்

தமிழில் 'சாப்பிடு'வும் 'சாப்பிடாதே'வும் தனித்தனி வடிவம். ஸ்பானியத்திலும் அப்படியே: 'கோமே', ஆனால் 'நோ கோமாஸ்'. 'தூ' என்று அழைப்பவருக்கு எதிர்மறைக் கட்டளை முழுவதும் சப்ஜங்டிவ். மரியாதையாக 'உஸ்தேத்' என்று அழைத்தால் 'சாப்பிடுங்கள்', 'சாப்பிடாதீர்கள்' இரண்டுமே சப்ஜங்டிவ்: 'கோமா', 'நோ கோமா'. 'தூ'வுக்கு விதிக்கு அடங்காத எட்டுக் கட்டளைகள் (தீ, ஆஸ், வே, பொன், சால், சே, தென், வென்) எதிர்மறையில் முன்பு பார்த்த சப்ஜங்டிவ் வடிவங்களாகவே வருகின்றன: நோ தீகாஸ், நோ ஆகாஸ், நோ வாயாஸ் என்று.

'எனக்கு அதை' போன்ற சிறு சொற்கள் நிற்கும் இடமும் மாறும். 'சொல்' என்றால் வினையின் வாலில் ஒட்டும்: 'தீமேலோ'. 'சொல்லாதே' என்றால் முன்னால் பிரிந்து நிற்கும்: 'நோ மே லோ தீகாஸ்'.

குறி: எல்லாம் சரி, ஆனாலும் காலம் பொருந்தவில்லை

முதல் வினை இறந்தகாலமாக இருந்தால் நிகழ்கால சப்ஜங்டிவை விட்டு இறந்தகால சப்ஜங்டிவுக்குப் போக வேண்டும்: 'கெரீயா கே வினியேராஸ்', நீ வர வேண்டும் என்று விரும்பினேன். ஆர்ஜென்டினா போன்ற சில நாடுகளின் பேச்சில் இங்கேயும் நிகழ்காலமே வருவதுண்டு. எழுத்தில் நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம்.

முதல் வினை நிகழ்காலத்தில் இருந்து, இரண்டாவது செயல் முன்பே முடிந்துவிட்டது என்றால் 'ஆயா' துணைக்கு வரும். வீட்டு வாசலில் நிற்கும் விருந்தாளியிடம் 'மே அலேக்ரோ தே கே வெங்காஸ்' என்றால் 'நீ வருவதில் மகிழ்ச்சி' என்று ஆகிவிடும். வந்துவிட்டவரிடம் சொல்ல வேண்டியது 'மே அலேக்ரோ தே கே ஆயாஸ் வெனீதோ'.